பழைய டர்ன்டேபிள்: ஐட்லரா, பெல்ட்டா, டைரக்ட் டிரைவா?

பழைய டர்ன்டேபிள் வாங்குவது என்று முடிவானதும் முதலில் எழும் கேள்வி, ரெக்கார்டை வைக்கும் வட்டத் தட்டான பிளாட்டரை எது சுற்றுகிறது என்பதுதான். ரப்பர் சக்கரம் சுற்றினால் ஐட்லர் டிரைவ். ரப்பர் பட்டை சுற்றினால் பெல்ட் டிரைவ். பிளாட்டரின் அச்சிலேயே மோட்டார் இருந்தால் டைரக்ட் டிரைவ். ஐட்லரில் துள்ளல், பெல்ட்டில் அமைதி, டைரக்ட் டிரைவில் துல்லியம் என்று ரசிகர்களிடையே நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. புத்தம் புதிதாக இருந்த காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய கருவியில் அந்தப் பேச்சை நம்பி முடிவெடுக்கக் கூடாது. காய்ந்த பேரிங்கோடு இருக்கும் பெயர்பெற்ற ஐட்லரை விட, நன்றாகப் பராமரித்த சாதாரண பெல்ட் டிரைவ் எல்லா வகையிலும் நன்றாகப் பாடும்.

அதனால் இந்த ஒப்பீட்டுக்கு அளவுகோல் வேறு. ஒவ்வொரு வகையிலும் எது கெட்டுப்போகும், ஏன் கெடும், கெட்டால் உங்களால் சரிசெய்ய முடியுமா? இயந்திரப் பாகம் தேய்ந்தால் கடைசல் பட்டறையில் ஒன்றைச் செய்துவிடலாம். ரப்பர் போனால் புது ரப்பர் ஏற்றலாம். தயாரிப்பு நின்றுபோன ஐசி (மின்னணுச் சில்லு) எரிந்தால், அதே மாடலில் இன்னொரு உடைந்த டர்ன்டேபிளைத் தேட வேண்டும். தேர்வு பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் முடிகிறது.

ஐட்லர் டிரைவ்

கேரார்ட் 301 (1954), கேரார்ட் 401 (1965), தோரன்ஸ் டிடி 124 (1957), லென்கோ எல்75, டூவல் 1019, 1219 எல்லாம் இந்த வகை. மோட்டார் தண்டுக்கும் பிளாட்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் அழுந்தி நிற்கும். கேரார்டில் அது பிளாட்டரின் உள்விளிம்பைத் தொடும். லென்கோவில் சக்கரம் செங்குத்தாக நின்று, சுமார் 4 கிலோ எடையுள்ள பிளாட்டரின் அடிப்பரப்பைத் தொடும். லென்கோவின் மோட்டார் தண்டு கூம்பு வடிவம். சக்கரத்தைத் தண்டின் மேல் நகர்த்தினால் வேகம் மாறும், 33⅓, 45, 78 என்ற நிலைகளுக்கு நடுவிலும் நிறுத்தலாம். பழைய 78 சுற்று இசைத்தட்டுகளில் பல சரியாக 78-இல் பதிவானவை அல்ல என்பதால், அவற்றைக் கேட்பவர்களுக்கு இது பெரிய வசதி.

டிடி 124 ஒரு கலப்பினம். மோட்டாரிலிருந்து படிப்படியான புல்லிக்கு பெல்ட், புல்லியிலிருந்து பிளாட்டருக்கு ஐட்லர். அதன் கனமான அடிப் பிளாட்டர் வார்ப்பிரும்பு. ஆர்டோஃபோன் எஸ்பியூ போன்ற வலுவான காந்தமுள்ள கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகத்தை, பொருத்தினால், இரும்பு அதைக் கீழே இழுக்கும். தராசில் 4 கிராம் என்று வைத்த ஊசி அழுத்தம் பிளாட்டரின் மேல் வந்ததும் அதிகமாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிவிட்டு, ஊசி சீக்கிரம் தேய்கிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு.

ஐட்லரில் பெரும்பாலான தொல்லை ரப்பரிலிருந்து வருகிறது. நிறுத்தும்போது லீவர் சக்கரத்தை விலக்கிவிடும். லீவரை அப்படியே விட்டுவிட்டுச் சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் விலகாது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி, சக்கரத்தில் ஒரு தட்டை விழுந்துவிடும். பிறகு ஓடும்போது 'தப், தப்' என்று கேட்கும். இந்தச் சத்தத்தின் தாளத்தை எண்ணினாலே குற்றவாளி தெரிந்துவிடும். 33⅓ வேகத்தில் பிளாட்டர் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கும். 1.8 விநாடிக்கு ஒருமுறை தட்டினால் பிளாட்டரிலோ ரெக்கார்டிலோ கோளாறு. அதற்குள் நாலைந்து முறை தட்டினால் ஐட்லர் சக்கரம். உள்விளிம்பின் விட்டம் 28 செ.மீ., சக்கரத்தின் விட்டம் 5.6 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்குச் சரியாக 5 தட்டு.

ரப்பரின் மேற்பரப்பு மட்டும் பளபளவென்று கெட்டித்திருந்தால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் துடைத்து, 600 நம்பர் உப்புத்தாளால் மேலோட்டமாக ஒரு முறை தேய்த்தால் பிடிப்பு திரும்பும். ஆல்கஹாலில் ஊறப்போடக் கூடாது, ரப்பர் வெடிக்கும். தட்டை விழுந்த சக்கரத்தைத் தேய்த்தே வட்டமாக்கப் பார்ப்பது வீண் வேலை. பழைய ரப்பரை உரித்து, புதிதாக வார்த்து, கடைசலில் வட்டம் பிடிக்கக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ரம்பிள், அதாவது அடியிலிருந்து வரும் உறுமல். ஐட்லர் என்றாலே ரம்பிள் இருக்கும் என்று பலர் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதில் பெரும்பங்கு மோட்டாரைத் தாங்கும் ரப்பர் புஷ்களும் ஸ்பிரிங்குகளும் செத்துப்போனதால் வருவது. டிடி 124-இன் அடியில் இருக்கும் காளான் வடிவ ரப்பர் தாங்கிகள் நசுங்கித் தட்டையாகிவிடும். அவற்றை மாற்றி, மோட்டார் பேரிங்கைக் கழுவினாலே பாதி உறுமல் போய்விடும். மோட்டாரின் இரண்டு முனையிலும் துளைத்தன்மையுள்ள வெண்கல புஷ் இருக்கும். பழைய எண்ணெய் அதற்குள் வார்னிஷ் போல உறைந்திருக்கும். மேலே இரண்டு சொட்டு விட்டால் அது உள்ளே போகாது. கழற்றி, ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, சேர்மானம் இல்லாத எஸ்ஏஇ 20 எண்ணெயில் ஊறவிட்டுப் பொருத்த வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இங்கே அடிப்பவர்கள், இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிடுகிறார்கள்.

டூவலின் தானியங்கி மாடல்களை வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒரு பாகம் உண்டு. பிளாட்டருக்கு அடியில், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையை நகர்த்தும் லீவரின் நுனியில், சில மில்லிமீட்டரே நீளமுள்ள ஒரு ரப்பர் உறை. அது பொடிந்து விழுந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கை ரெக்கார்டு பக்கம் போகாது, போனாலும் தவறான இடத்தில் இறங்கும். ஒயரிலிருந்து உரித்த சரியான விட்டமுள்ள காப்புக் குழாயை வெட்டி மாட்டினால் வேலை முடிந்தது. "ஆட்டோமேட்டிக் வேலை செய்யவில்லை" என்று விலை குறைத்து வருகிற டூவல்களில் கணிசமானவற்றுக்கு இதுவோ, கெட்டியான கிரீஸோதான் காரணம்.

லென்கோ எல்75-இல் கையைத் தாங்கும் 'வி' வடிவ ரப்பர் கட்டைகள் அநேகமாக எல்லாவற்றிலும் உதிர்ந்திருக்கும். கை அதன் தாங்கலில் தளர்ந்து ஆடினால் அதுதான். மாற்றுக் கட்டைகள் இன்றும் செய்யப்படுகின்றன.

பாதுகாப்பு பற்றி ஒன்று. மின் ஸ்விட்சின் குறுக்கே பொறியை அடக்க ஒரு சிறிய கெபாசிட்டர் இருக்கும். காகிதத்தால் ஆனது பழசாகி வெடிக்கும், புகையும். ஷார்ட் ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, அதே மதிப்புள்ள எக்ஸ்2 தரக் கெபாசிட்டரை (நேரடி மின்வழியில் போடத் தகுந்த வகை) மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே அடித்தட்டைத் திறக்க வேண்டும்.

பெல்ட் டிரைவ்

மூன்றிலும் தவறு செய்தாலும் குறைந்த செலவில் திருத்திக்கொள்ளக்கூடியது இதுதான். ஏஆர் எக்ஸ்ஏ (1961), தோரன்ஸ் டிடி 150 (1965), டிடி 160 (1972), லின் சோன்டெக் எல்பி12 போன்றவை இந்த வழியில் வந்தவை. மோட்டாரின் அதிர்வை பெல்ட் விழுங்கிவிடும். பேரிங் ஒன்று, மோட்டார் ஒன்று, பெல்ட் ஒன்று, அவ்வளவுதான் இயந்திரம். டிடி 150, 160 மோட்டார் 16 துருவ சின்க்ரனஸ் வகை, அதாவது மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஒத்துச் சுற்றுவது. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 375 சுற்று மட்டுமே சுற்றுவதால் அதிர்வும் தாழ்ந்த அலைவெண்ணில் நிற்கும்.

பெல்ட்டை மாற்றும்போது நீளத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். தடிமனும் முக்கியம். புல்லி சிறியது, பிளாட்டர் பெரியது. தடித்த பெல்ட் இரண்டின் பயன்படும் ஆரத்தையும் ஒரே அளவு கூட்டினாலும், சிறிய புல்லிக்கு அது விகிதத்தில் பெரிய மாற்றம். எனவே வேகம் கூடும். பழைய பெல்ட் கிடைக்காவிட்டால், அது ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அந்த நீளத்தில் 5 சதவீதம் குறைத்து வாங்கினால் சரியான இழுவிசை வரும். நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த பெல்ட் தார்போல உருகிப் புல்லியில் அப்பியிருந்தால், அதைத் துணியால் இழுத்து எடுத்து, மிச்சத்தை ஆல்கஹாலால் துடைத்துவிட்டே புதியதை மாட்டுங்கள். கை எண்ணெய் பட்டாலும் பெல்ட் வழுக்கும்.

பிளாட்டரையும் கையையும் தாங்கும் உள்சட்டம், அதாவது சப்சேசிஸ், ஸ்பிரிங்கில் தொங்குபவற்றில்தான் பொறுமை வேண்டும். ஸ்பிண்டிலை (பிளாட்டரின் நடு அச்சை) மெல்ல அழுத்தி விட்டால், பிளாட்டரும் கையும் சேர்ந்து நேராக மேலும் கீழும் பிஸ்டன் போல ஆடி அடங்க வேண்டும். பக்கவாட்டில் வட்டம் போட்டு ஆடினால், மூன்று ஸ்பிரிங்கில் ஒன்றோ இரண்டோ கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை அதன் இருக்கையிலேயே கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கையிலிருந்து வெளியே போகும் கேபிள் விறைப்பாக இருந்தாலும் இதே கோளாறு தெரியும். அதனால் ஸ்பிரிங்கைத் தொடும் முன் கேபிள் தளர்வாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். மரத்தளத்தில் யாராவது நடந்தால் ஊசி துள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள். இப்படிப்பட்டவற்றைச் சுவரில் அடித்த தட்டில் வைப்பதுதான் நல்லது.

விலை குறைந்த பெல்ட் டர்ன்டேபிள் பலவற்றில் டிசி மோட்டார் இருக்கும். வேகம் தவறினால் மோட்டாரின் அடியில் ஒரு சிறு துளைக்குள் திருப்பும் டிரிம்மரைத் தேடுங்கள். அவற்றின் மோட்டாரே தேய்ந்திருந்தால், திருத்துவதை விட அதே வகை மோட்டாரைத் தேடுவது எளிது.

டைரக்ட் டிரைவ்

டெக்னிக்ஸ் எஸ்பி-10 இந்த முறையை 1970-இல் கொண்டுவந்தது. 1972-இல் எஸ்எல்-1200 வந்தது, 1979-இல் குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள எம்கே2. எம்கே2 0.7 விநாடியில் முழு வேகத்தை எட்டும், வாவ் ஃப்ளட்டர் (வேகத்தின் ஊசலாட்டம்) 0.025 சதவீதம். ஒலியில் குறைகாண இடம் குறைவு. 2010-இல் தயாரிப்பு நின்று, 2016-இல் புதிய வடிவில் திரும்பியது. அதனால் எம்கே2-வுக்குப் பாகங்களும், அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் மற்ற எந்த டைரக்ட் டிரைவையும் விட அதிகம். எந்த மாடல் என்று கேட்டால் இந்த வகையில் பதில் எளிது.

ஆனால் அதே காலத்தில் வந்த மற்ற நூற்றுக்கணக்கான மாடல்களின் நிலை வேறு. மோட்டாரை ஓட்டுவது அந்தந்தக் காலத்து ஐசி. அது போனால் அதற்கு ஈடாக இன்று புதிதாக எதுவும் வாங்க முடியாது. அதற்கு முன் கெடுவன எளியவை: எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உலர்ந்து வேகம் ஊசலாடும், வேகக் கட்டுப்பாட்டின் கார்பன் தடம் அழுக்கேறித் தாவும், சால்டர் மூட்டு வெடித்து ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. வேகம் தாவினால் முதலில் கட்டுப்பாட்டில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். பிறகு பவர் சப்ளையின் கெபாசிட்டர்கள், அதே மதிப்பு, அதே அல்லது கூடிய வோல்ட், 105 டிகிரி வகை. அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால்தான் ஐசி பற்றிக் கவலைப்பட வேண்டும். முதலிலேயே ஐசியைக் கழற்றுபவர்கள், நல்லதைக் கெடுக்கிறார்கள்.

டெனான் டிபி வரிசையில் பிளாட்டரின் உள்விளிம்பில் காந்தப் பூச்சு ஒன்று இருக்கும். டேப் ஹெட் போன்ற ஒரு உணர்வி அதைப் படித்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. துருவை எடுப்பதாக நினைத்து அதைச் சுரண்டுவதோ, பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தத்தை வைப்பதோ வேகக் கட்டுப்பாட்டையே அழித்துவிடும். எலெக்ட்ரானிக் சர்வோ மூலம் கையை நகர்த்தும் டர்ன்டேபிள்கள் அழகானவை, கேட்க இனியவை. இருந்தும், அதே மாடலின் சர்க்யூட் வரைபடமும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் கைவசம் இல்லாவிட்டால் அவற்றை வாங்க வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் இந்த வகை சுலபம். எம்கே2-வுக்கு 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்பிண்டில் துளையில் இரண்டு மூன்று சொட்டு போதும்.

மின்சாரத்தின் அலைவெண்

ஐட்லரும், சின்க்ரனஸ் மோட்டாருள்ள பெல்ட் டிரைவும் மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பி ஓடுகின்றன. 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்ததை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 33⅓ வேகம் சுமார் 27.8 ஆகிவிடும். 50-க்கானதை 60-இல் ஓட்டினால் 40. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டை மாற்றினால் இது தீராது. அதற்கான புல்லி வேண்டும், அல்லது அலைவெண்ணை உருவாக்கும் பவர் சப்ளை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்றால் புல்லி கிடைக்குமா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள். டைரக்ட் டிரைவுக்கு வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே பலருக்கு அது சரியான தேர்வாகிறது.

கையும் கார்ட்ரிட்ஜும்

மூன்று வகைக்கும் நடுவே கேட்கும் வித்தியாசத்தை விட, கைக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் பொருத்தம் இல்லாததால் வரும் வித்தியாசம் பெரிது. கையின் பயன்படு நிறையோடு கார்ட்ரிட்ஜும் ஸ்க்ரூவும் சேர்ந்த எடையைக் கூட்டி, அதை ஊசியின் நெகிழ்வால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159-ஐ அதனால் வகுத்தால் ஒத்ததிர்வு ஹெர்ட்ஸில் வரும். 8 முதல் 12 வரை இருப்பது நல்லது. எஸ்எல்-1200 கை 12 கிராம், கார்ட்ரிட்ஜும் ஸ்க்ரூவும் 8 கிராம், நெகிழ்வு 10 என்றால் 11.2 ஹெர்ட்ஸ். அதே கையில் நெகிழ்வு 25 உள்ள பழைய கார்ட்ரிட்ஜை மாட்டினால் 7.1. வளைந்த ரெக்கார்டில் ஸ்பீக்கரின் ஊஃபர் கோன் முன்னும் பின்னும் துடிப்பது தெரியும்.

கழற்றி மாட்டும் ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் முனை) உள்ள கையையே தேர்ந்தெடுங்கள். 78 கேட்பதற்கு 65 முதல் 75 மைக்ரான் ஊசி வேண்டும், எல்பி ஊசி அந்த அகலமான பள்ளத்தின் அடியில் போய் இரையும். ஹெட்ஷெல் மாறினால் ஊசி மாற்றம் அரை நிமிட வேலை.

எதை, யார் வாங்குவது

ஸ்க்ரூடிரைவரைத் தொட விருப்பமில்லை, வாரம் முழுக்க ரெக்கார்டு கேட்க வேண்டும் என்பவர் நன்றாக ஓடுகிற எஸ்எல்-1200 எம்கே2 வாங்கலாம். நன்றாக ஓடுகிற என்பது முக்கியம். ஓடாத டைரக்ட் டிரைவ் எவ்வளவு மலிவாக வந்தாலும், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர் அதைத் தொடக் கூடாது.

கற்றுக்கொண்டே திருத்த நினைப்பவருக்கு டிடி 150 அல்லது டிடி 160. பெல்ட், பேரிங் எண்ணெய், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றும் ஒலியில் என்ன மாற்றம் தருகிறது என்று காதால் கேட்கலாம்.

78 இசைத்தட்டுகள் இருந்தால் ஐட்லர். எம்கே2-வில் 78 கிடையாது, பெல்ட் டிரைவ் பெரும்பாலானவற்றிலும் இல்லை. கேரார்டும் டிடி 124-ம் பெயருக்காகவே பெரிய விலை கேட்பவை, லென்கோ எல்75 அவற்றின் வேலையில் முக்கால்வாசியை மிகக் குறைந்த விலையில் செய்யும். ஓடாத ஐட்லரை வாங்கப் பயப்பட வேண்டாம். மோட்டார் சுருள் எரியாமல், பிரதான பேரிங் ஆடாமல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் மீட்கலாம்.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டிய சோதனை: பிளாட்டரைக் கையால் தள்ளிவிட்டு அது அமைதியாகச் சுற்றி நிற்கிறதா என்று கேளுங்கள், கரகரவென்றால் பேரிங் வறண்டிருக்கிறது. விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. கையின் ஹெட்ஷெல்லை விரல் நுனியால் பிடித்து மிக மெல்ல முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், 'டிக்' என்று ஒரு அசைவு தெரிந்தால் கையின் பேரிங் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்வது மற்ற எல்லாவற்றையும் விடக் கடினம் என்பதால் அந்தக் கருவியை அங்கேயே விட்டுவிடலாம்.

எடுத்துவரும்போது பிளாட்டரைக் கழற்றித் தனியே சுற்றுங்கள், எதிரெடையைக் கழற்றுங்கள், கையை அதன் தாங்கியில் கட்டுங்கள், சப்சேசிஸ் இருந்தால் பயண ஸ்க்ரூவை இறுக்குங்கள். வீட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டு எண்ணெய் இளகிய பிறகே வேகத்தைப் பாருங்கள். அதற்குப் பிளாட்டரின் மேல் வைக்கும் கோடிட்ட ஸ்ட்ரோப் தட்டு வேண்டும், வேகம் சரியென்றால் கோடுகள் நின்றது போலத் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 33⅓-க்கு 180 கோடுள்ள தட்டு, 60 ஹெர்ட்ஸில் 216. பழைய இழை பல்பின் ஒளியில் பார்க்க வேண்டும், பல எல்இடி விளக்குகள் மின்சாரத்தோடு துடிப்பதில்லை. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 60 கோடு நகர்ந்தால் வேகத்தில் 1 சதவீதப் பிழை, அது ஓர் அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. 30 கோட்டுக்குள் நின்றால் விட்டுவிட்டு ரெக்கார்டைப் போடலாம்.